பச்சையப்பன் கொண்டுவந்த வெற்றிலைத் தட்டு

பாகூர்
ஆவணி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள பேத்தி அர்ச்சனாவுக்கு ஆயா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பா அம்மாவும் மாடு கன்றும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம், கடல் தாண்டி பிலிப்பைன்ஸில் சேற்றில் இறங்கிப் படிக்கிற நீயும் உன் கூட்டாளிப் பிள்ளைகளும் அப்படியே இருக்க செங்கழுநீர் அம்மன் துணை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ பேசினால் உன் அப்பன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான், தெருவே கேட்கிறது. இது தெருவுக்கு இல்லை. அஞ்சாங்கிளாசோடு நின்றவள் எழுத்து, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்.

நம் கிழக்குக் கொல்லையை இறால் குட்டை போடுகிறவர்களுக்குக் குத்தகைக்கு விட உன் அப்பன் பேசி வைத்திருந்தது உனக்குத் தெரியும். போன மாதம் உன் அம்மா போனை என்னிடம் தனியாகக் கொடுத்தபோது, ஆயா சம்மதிக்காதே, நான் சொன்னேன்னு அப்பாகிட்ட சொல்லிடாதே என்று அழுதாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அன்றைக்கே ஒரு வீடியோ அனுப்பினாய். கைவிட்டுப் போன இறால் குட்டையின் கரையை உடைத்துக் கடல் தண்ணீரை உள்ளே விட்டு, முழங்கால் சேற்றில் நின்று நீங்கள் எல்லோரும் அலையாத்திக் கன்று நடுகிறீர்கள். அதை நான் பெரிதாகப் பார்க்கவில்லை, நான் நடாத நாற்றா. பின்னால் ஒரு கிழவி தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினாளே, அவளைத்தான் உன் அம்மாவிடம் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தேன். குட்டை வந்த பிறகுதான் உப்பானது என்று நீ சொல்லியிருந்தாய். மறுநாள் கொல்லைக்குப் போய் நம் போரிங் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். லேசாக உவர்க்கிறது, ஆனாலும் விழுங்க முடிகிறது. அடுத்த கொல்லை ரோசம்மாளுடையது. அவளுக்கு இருப்பது அது ஒன்றுதான். அவள் ஆடு என் கத்தரியை மேய்ந்ததை நான் மறக்கவில்லை, அது வேறு கணக்கு.

உன் அப்பனையும் குறை சொல்வதற்கில்லை, உன் படிப்புச் செலவுக்காகத்தான் இந்தக் குத்தகைக்கு அலைந்தான். ஆனால் நீயே வேண்டாம் என்கிறாய் என்று தெரிந்தால், அப்ப படிச்சது போதும், பொட்டியக் கட்டினு வந்து களை எடுக்கச் சொல்லு என்பான். சொன்னால் செய்வான், என் வயிற்றில் பிறந்தவன்.

புதன்கிழமை என் கொழுந்தன் மகன் பச்சையப்பன் குட்டைக்காரருக்காக வெற்றிலைத் தட்டோடு வந்தான். கொல்லை என் அப்பா பத்திரம் பதிகிற நொத்தேர் முன்னால் என் பேருக்கு எழுதி வைத்தது, அதனால் தட்டை என்னிடம் நீட்டினான். வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது, பத்திரமெல்லாம் அப்புறம்தான். நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். வாங்கு பெரிம்மா, கை நோவுது என்றான். ஏன்டா, உன் கல்யாணத்து வருசம் ஏரித் தண்ணி என் முறையா இருந்தப்ப மடைய மாத்தி உன் கரும்புக்கு வுட்டியே, அப்ப நோவலியா, என் நெல்லு பால் புடிச்சு நின்னுது, பதராத்தான் அறுத்தேன், உன் கையால வெத்தல வாங்கமாட்டேன் போடா என்றேன். அய்ய, இன்னுமா அத நெனச்சினு கீற, அந்தக் கரும்பத் தின்ன பல்லே கொட்டிப்போச்சு என்று வாயைத் திறந்து காட்டினான். உன் அம்மா அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். உன் அப்பன் சிரிக்கவில்லை. ஒரு மடைத் தண்ணிக்காக என் பொண்ணு படிப்பக் கெடுக்கிறியே, நீயெல்லாம் மனுசியா என்று கத்தினான். தட்டு வந்த வழியே திரும்பிப் போனது. அவன் இன்னும் என்னோடு பேசவில்லை.

பச்சையப்பனை நான் மன்னிக்கவில்லை என்பது நிஜம். ஆனால் வேறு எவன் தட்டைக் கொண்டுவந்திருந்தாலும் என் கை நீண்டிருக்காது.

உன் படிப்பு நிற்காது. வில்லியனூர் மனையை விற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். என் நாத்தனார் காசம்மாள் என்னைக் கூரை வீட்டுக்காரி என்று சொன்னதற்காக, அவள் வாசலுக்கு எதிரே மாடி கட்டவேண்டும் என்று வாங்கிப் போட்டது. இதுநாள் வரை அதைப் பற்றி யாரையும் வாய் திறக்க விட்டதில்லை. போகட்டும், அந்த இடத்தில் உப்பாவதற்குக் கிணறு இல்லை. அதைக் கேட்டதிலிருந்து உன் அப்பன் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறான்.

சேற்றில் இறங்கும்போது காலுக்குப் போட்டுக்கொண்டு இறங்கு, சிப்பி கிழித்தால் லேசில் ஆறாது. தலையைத் துவட்டு. நீ நட்டதெல்லாம் வேர் பிடிக்கட்டும், நீயும் நோய் நொடி இல்லாமல் நல்லா இரு.

ஒன்று மட்டும் மறக்காதே. அப்பன் போனில் என்னைத் திட்டும்போது நீயும் சேர்ந்து திட்டு. ஆயா எப்பவும் இப்படித்தான், சாகிற வரைக்கும் மாறமாட்டா என்று சத்தமாகச் சொல். எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தை பேசினாலும் அவனுக்குப் புரிந்துவிடும்.

இப்படிக்கு,
உன் ஆயா
ஆண்டாள்