டீத்தூள் டப்பா மூடியில் அறுபது டிகிரி

கண்ணு,

காலை ஷிப்ட், பஸ் எடுக்கப் போறேன். சாப்பாடு அடுப்புமேல இருக்கு, சூடு பண்ணிக்கோ. கோபத்தைச் சோத்துமேல காட்டாதே. கணக்குப் பரீட்சைக்குக் கிளம்பும்போது சாவியை மாடி வீட்டு அக்காகிட்ட குடுத்துடு, குழாய் ரிப்பேர்காரர் வருவார்.

டீத்தூள் டப்பா மூடி உன் மேசைமேல இருக்கு. அதை வச்சுத்தான் அம்மா உனக்கு வட்டம் போட்டுக் காட்டுவான்னு தெரியும். ஓரத்துல அவ பேனாவால கோணங்களுக்குக் கோடு போட்டு வச்சது தெரியாது. கறைன்னு நினைச்சுத் தேய்ச்சுட்டேன். "அம்மா இறந்தப்புறம் அவங்க கைபட்டதுன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு"ன்னு நேத்து நீ சொன்னப்புறம்தான் என்ன பண்ணிட்டேன்னு புரிஞ்சுது.

கோணமானி வச்சு முப்பதும் நாற்பத்தஞ்சும் திரும்பப் போட்டிருக்கேன். முதல் கால்வட்டம் போதும்னு அவ சொல்வாளே. எவ்வளவு பெரிய கோணமானாலும், படுத்திருக்கிற கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு பாரு. அதுதான் குறிப்புக் கோணம். அதோட சைன், காஸ் மதிப்பேதான் பெரிய கோணத்துக்கும், எந்தப் பக்கம்னு பார்த்து மைனஸ் மட்டும் போடணும். சமையலறையிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாயிடுச்சு.

நேத்து நீ அழுதுட்டுப் பாதியில விட்ட காஸ் நூற்றிருபது: நூற்றெண்பதுக்கு அறுபது குறைவு. காஸ் அறுபது அரை. இடப்பக்கம் விழுறதால மைனஸ் அரை.

அப்பா

பி.கு. அறுபதோட கோடு முழுசா அழியலை. ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பார்த்தா லேசாத் தெரியும். அதுமேல நான் பேனா வைக்கலை.