விட்டுப்போன இருபத்தைந்து பேர்

மார்ச் 4

மண்டலத் திட்ட அலுவலர் அம்மையாருக்கு,

அன்புள்ள தங்கைக்கு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. துடுப்புப் படகுச் சங்கத்துக்காக நீ எழுதிய வரைவுத் திட்டம் வந்தது. ஆறு கிளப்புகளை மூன்றாக்கப் போகிறாயாம். ஆற்று வளைவில் நான் பதினாறு வருஷமாகப் பயிற்சி கொடுக்கும் கிளப்பை மூடிவிட்டுப் படகுகளை ஏரிக்கரைக்குக் கொண்டுபோவாயாம். அதற்கு "பங்கேற்பை அதிகரிக்க" என்று ஒரு தலைப்பு வேறு. எங்கள் பிள்ளைகள் இரண்டு பஸ் மாறி அங்கே போவார்களா? ஆபீசில் உட்கார்ந்து வரைபடத்தில் கோடு கிழிப்பவளுக்கு அது எங்கே தெரியப்போகிறது. உனக்குத் துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். நல்ல கைம்மாறு.

அம்மா நலம். உன்னைப் பற்றிக் கேட்பதில்லை.

அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

அம்மா நேற்றுகூட அரைமணி நேரம் போனில் பேசினாள். அதை விடு.

போன வருஷம் உன் கிளப்பில் நாற்பத்து நாலு பேர். இப்போது பத்தொன்பது. மற்ற ஐந்து கிளப்பிலும் ஆள் குறையவில்லை. ஏன் என்று எழுது. சரியான காரணம் இருந்தால் திட்டத்தை மாற்றப் பார்க்கிறேன்.

தங்கை

மார்ச் 15

காரணமா? பரீட்சை, செல்போன், சொகுசு. மிச்சமிருக்கும் பத்தொன்பது பேரும் இரும்பு. தலை எண்ணுவதை விட்டுவிட்டு ஒருநாள் காலையில் படகுத்துறைக்கு வந்து பார். வரமாட்டாய். உனக்குப் பயம்.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

வந்தேன். துறைக்கு இல்லை, விட்டுப்போன இருபத்தைந்து பேரின் வீடுகளுக்கு. மூன்று வீட்டில் கதவைத் திறக்கவில்லை. பரீட்சை என்றவர்கள் இரண்டே பேர். மற்ற எல்லோரும் உன்னைத்தான் சொன்னார்கள்.

தையற்காரர் மகளைப் பார்த்து எல்லோர் முன்னாலும், "உன்னைச் சுமக்கப் படகு பத்தாது, பாலம்தான் வேணும்" என்றாயாம். அதற்கப்புறம் அவள் ஆற்றோரத் தெருவிலேயே நடப்பதில்லை. பள்ளிக்கூடத்துக்குக்கூடச் சுற்றித்தான் போகிறாள்.

எனக்கும் அப்படி ஒன்று சொன்னாய். இருபது வயதில் நான் துடுப்பைக் கீழே வைத்தது முதுகுவலியால் இல்லை.

கிளப்பை மூடப்போவதில்லை. புதுப் படகுத்துறையும் வரும். சங்கம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் மே மாதத்திலிருந்து வேறு பயிற்சியாளர். அந்த வரியையும் நான்தான் எழுதினேன். வேறு யார் தலையிலும் பழியைப் போடாதே.

தங்கை

ஏப்ரல் 19

திட்டத்தை முழுக்கப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். அதற்குள் பதினோரு பேர் திரும்பப் பேர் கொடுத்துவிட்டார்களாம். கிளப் தலைவர், அதான் மருந்துக்கடைக்காரர், வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னார். படகுக் கொட்டகைச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

தையற்கடைக்குப் போனேன். மகளைக் கூப்பிடச் சொன்னேன். உள்ளே இருந்துகொண்டே வரமாட்டேன் என்றாள். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நீ இங்கே வர வேண்டாம். அம்மாவை உன் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்.

உன்னை என்ன சொன்னேன் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். ஞாபகம் வரவில்லை. எழுதி அனுப்பிவிடாதே.

அக்கா