உங்கள் கைக்கு வைத்த பிடி

இஞ்ச பாருங்க, என் ராசா,

பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு எப்போதும் வாய் வந்ததில்லை. நீங்கள் போன பிறகும் வரவில்லை. அதனால் குசினிக்குள் நின்று கூப்பிடுகிற மாதிரியே இதையும் தொடங்குகிறேன். சோறு ஆறுது என்று கத்தப் போவதில்லை, பயப்படாதீர்கள். உங்கள் மரம் அறுக்கும் மெசினைப் பற்றி ஒரு முடிவு எடுத்துவிட்டேன். அதை உங்களிடம் சொல்லாமல் வேறு ஆரிடம் சொல்வது?

முதலில் உங்கள் அக்கா செய்த கூத்தைக் கேளுங்கள். முப்பத்தோராம் நாள் உங்களுக்குப் படைத்தோம். இறால் பொரியல், கணவாய்க் கறி, எனக்கு ஒளித்து நீங்கள் பற்றவைத்த பீடி, எல்லாம் வாழையிலையில் வைத்தோம். மெசினையும் பக்கத்தில் வைக்கவேண்டும் என்று மைனி ஒற்றைக்காலில் நின்றார். "தம்பிட உசிரே இதிலதானே கிடந்தது, ஊத்தையோட படைக்கிறதா?" என்று சொல்லிக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய், மஞ்சள் தண்ணீரால் முழுகவார்த்து, சந்தனப் பொட்டு வைத்து, செவ்வரத்தம்பூவும் சொருகிக் கொண்டுவந்தார். மெசின் முழுக்கத் தண்ணீர் வடிகிறது. என் தம்பி ரூபன் தலையில் கை வைத்துவிட்டான். "ஐயோ அக்கா, எஞ்சினுக்க தண்ணி பூந்தா மறுகா அது என்னத்துக்கு ஆகும்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அது முடியுமுன்னே அழுகையாகிப் போனது.

ரூபனுக்கு அந்த மெசின் வேண்டும். இத்தனை வருடம் நீங்கள் அறுக்க, மரம் வீட்டில் விழாமல் அவன் கயிறு பிடித்து இழுத்தான். இனி அவனே அறுத்தால்தான் அவன் வீட்டிலும் என் வீட்டிலும் உலை வைக்கலாம். மாரி தொடங்க முதல் கூரைக்கு மேலே சாய்ந்த மரங்களை எடுத்துவிடச் சொல்லி ஆட்கள் தேடி வருகிறார்கள். வருகிறவர்கள் உங்களைத்தான் கேட்கிறார்கள். வயல் வேலைக்கென்று வட்டைச் சேற்றுக்குள் இறங்கிய மனுசனை எலிக்காய்ச்சல் ஒரு கிழமைக்குள் கொண்டுபோனது என்று எத்தனை பேருக்குத்தான் நான் வாசலில் நின்று சொல்வது?

ஆரையம்பதியில் மெசின் திருத்துகிற பாஸிடம் கொண்டுபோனோம். அவர் கழற்றித் துடைத்து, வளையம் மாற்றி, எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டார். கரைச்சல் அதன் பிறகுதான் வந்தது. உங்கள் வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் சண்டைக்காலத்தில் போனபடியால், விரலால் அழுத்துகிற விசையை எறிந்துவிட்டுச் சைக்கிள் பிரேக் பிடி ஒன்றை அதில் வெல்டிங் வைத்தீர்களே. மிச்ச இரண்டு விரலால் அதை இழுத்து இழுத்து அறுத்தீர்கள். "சைக்கிள் ஓடுறியா, மரம் அறுக்கிறியா?" என்று ஊரே பகிடி பண்ணியது. "ரெண்டும்தான்" என்று நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

ரூபனுக்கு எல்லா விரலும் இருக்கிறது. அதுதான் அவனுக்கு இடைஞ்சல். இறுக்கிப் பிடித்தால் எல்லா விரலும் சேர்ந்து பிரேக் பிடியை இழுக்க, மெசின் வெறி பிடித்த மாதிரிக் கத்துகிறது. கையைத் தளர்த்தினால் வழுவப் பார்க்கிறது.

"ரெண்டு வழிதான் தங்கச்சி" என்றார் பாஸ். "இந்தப் பிடிய கிரைண்டரால வெட்டிப்போட்டு, பழையபடி விசை வைச்சுத் தாறன். இல்லாட்டி புதுசு எடுங்க. பழசைக் குடுத்தா கடைக்காரன் விலையில குறைப்பான். ஆனா அவன் இதை உடைச்சிச் சாமான் சாமானா வித்துப் போடுவான்."

இரண்டும் வேண்டாம் என்று மெசினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிடிவாதக்காரி என்று நீங்கள் ஏசுவது கேட்கிறது. ஏசுங்கள். உங்கள் சட்டைகளில் மணம் போய்விட்டது. தலையணையில் பள்ளம் இல்லை. அந்தப் பிடியில் மட்டும் றப்பர் தேய்ந்து, உங்கள் இரண்டு விரலும் பதிந்த இடம் அப்படியே இருந்தது. வீட்டில் ஆருமில்லாத நேரம் அதில் என் விரலை வைத்துக்கொண்டு இருப்பேன். அதை எப்படி வெட்டச் சொல்வது?

"சரி, விடு அக்கா. நான் பழகுறன்" என்றான் ரூபன். எப்படிப் பழகப்போகிறான் என்று நான் கேட்கவில்லை.

போன கிழமை வீட்டு வளவுக்குப் பின்னால் மெசின் சத்தம் கேட்டுப் போனேன். விழுந்துகிடந்த வேம்பை அறுத்துக்கொண்டிருந்தான். வலது கையில் துணி. காயமாக்கும் என்று கிட்டப் போனால், சுட்டுவிரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்கித் துணியால் இறுக்கிக் கட்டியிருக்கிறான்!

"என்னடா இது?" என்று கத்தினேன்.

"அத்தான் இப்பிடித்தானே கா பிடிச்சவர்? நீ அந்தப் பிடிய வெட்ட வேணாம்."

அவன் சொல்லி முடிக்கவில்லை, மெசின் ஒரு கணுவில் அடிபட்டு எகிறியது. இரண்டு விரலால் என்னத்தைப் பிடிப்பான்? கட்டியிருந்த சாரம் தொடையோடு கிழிந்து தொங்கியது. சதையில் படவில்லை. ஓடிப்போய் அவன் கன்னத்தில் ஒன்று விட்டேன். கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்றவனை அடித்தேன். பிறகு துணியை அவிழ்த்தேன். அந்த இரண்டு விரலும் வெளுத்துக் குளிர்ந்து கிடந்தன. ஆஸ்பத்திரியில் கடைசியாக உங்கள் கையைப் பிடித்தபோதும் இந்தக் குளிர்தான். நிலத்தில் குந்தியிருந்து, சூடு வரும்வரை அவன் விரலைத் தேய்த்துக்கொண்டே அழுதேன்.

அடுத்த நாள் காலையிலேயே பாஸிடம் போனோம். புதிது வாங்கினால் உங்களை முழுசாகக் கொடுக்கவேண்டும். திருத்தினால் உங்கள் கை மட்டும் போகும். "வெட்டுங்க" என்றேன். ஆடாமல் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். ரூபன் வெளியே போய்விட்டான். நானே பிடித்தேன். பொறி பறந்தது, கண்ணை மூடச் சொன்னார். நான் மூடவில்லை.

வெட்டிய பிடியைப் பேப்பரில் சுற்றிக் கையில் தந்தார். வீட்டுக்கு வந்து விரித்து, விரலை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மெசினை விட்டு வந்ததும் அது வெறும் சைக்கிள் பிரேக்தான். எங்கே போனீர்கள்?

நாளைக்கு ரூபனுக்கு முதல் வேலை. வாவிக்கரையில் ஒரு வீட்டுக்கு மேலே சாய்ந்த தென்னை. கயிறு பிடிக்க ஆள் கிடைக்கவில்லை என்று முழித்தான். "நான் வாறன்" என்றேன். "விசரா கா உனக்கு? சனம் என்ன சொல்லும்?" என்று துள்ளினான். துள்ளட்டும். உங்களை அந்தக் காய்ச்சல் இழுத்துக்கொண்டு போனபோது, இந்தப் பக்கம் பிடித்து இழுக்க என் கையில் ஒரு கயிறும் இருக்கவில்லை. நாளைக்கு இருக்கும். உள்ளங்கை உரிந்தாலும் விடமாட்டேன். உங்கள் மச்சானை முழுசாக வீட்டுக்குக் கூட்டி வருவேன். இது சத்தியம்.

உங்கள் பெண்சாதி,
ரூபனுடைய அக்கா.