வெள்ளிக்கிழமைக் கடலையும் ஒரு மீனும்

மச்சாள்,

இன்று காலை ஆர்ச்வே முருகன் கோயிலில் பூசை முடிந்ததும் கையில் சுடச்சுடக் கடலை வைத்தார்கள். தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் மணத்தன. பாதியைத் தின்றுவிட்டு, மீதியை என்னை அறியாமலே டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன். பக்கத்தில் நின்ற பிள்ளை, "வீட்டிலை ஆருக்கும் கொண்டு போறியளோ அன்ரி?" என்று கேட்டாள். "ஓம், மீனுக்கு" என்றேன். பாவம், ஓர் அடி தள்ளி நின்றுகொண்டாள். எல்லாம் உங்களால் வந்த வினை.

எல்லாம் அந்தத் தூண்டிலில் தொடங்கியது. பென்ஷன் எடுத்ததும் ஏரிக்கரையில் போய் இருக்கப் போவதாகச் சொல்லி என் அண்ணை, உங்கள் மனுசன், வாங்கி வைத்தது. விலைச்சீட்டைக் கிழிக்கும் முன்பே அவர் போய்விட்டார். உங்கள் மகன் அப்பாவின் தூண்டிலைப் பழைய சாமான் எடுக்கும் சரிட்டிக் கடைக்குக் கொடுப்பம் என்றபோது நீங்கள் வாசலை மறித்துக்கொண்டு நின்றீர்கள். "கொப்பற்றை தூண்டிலிலை ஒரு மீனாவது பிடிபடோணும். பிறகு கொண்டுபோய்க் குடு." வெம்பிளிக் கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவதைத் தவிர மீனோடு வேறு சகவாசம் இல்லாத ஆளின் பேச்சு இது. துணைக்கு இழுபட்டது நான்.

எனக்கு ஷிப்ட் இல்லாத நாள் வெள்ளிக்கிழமை மட்டும்தான். மச்சம் மாமிசம் தொடாத நாளில், காலையில் முருகன், மத்தியானம் மீனா என்று கேட்டேன். "உமக்கென்ன விசரே? பிடிக்கிறது மச்சமில்லை, தின்னுறதுதான் மச்சம். ப்ரீசரிலை வைச்சு ஞாயிற்றுக்கிழமை சமைப்பம்" என்றீர்கள். இப்படி வாதாடத் தெரிந்த ஆள் வக்கீலுக்குப் படிக்காமல் போனது யாருடைய நல்ல காலமோ தெரியாது.

இரண்டு பஸ் மாறிப் போனால் அந்தப் பெரிய ஏரி. மறுகரை தெரியாத பனிமூட்டம். முதல் தடவை நீங்கள் வீசிய தூண்டில் தண்ணீருக்குப் போகவில்லை, என் கம்பளிச் சட்டைக்கு வந்தது. அடுத்தது மரத்துக்குப் போனது. புழு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, மூடி, அப்படியே பற்றைக்குள் கொண்டுபோய் வைத்தீர்கள். பாண் போட்டோம், வாத்துகள் தின்றன. இத்தனைக்கும் நீங்கள் வாய் மூடவில்லை. பக்கத்தில் கதிரை போட்டிருந்த வெள்ளைக்காரக் கிழவர், சத்தம் கேட்டால் மீன் வராது என்று தன்மையாகச் சொன்னார். "அப்ப இவருக்கு வீட்டிலை கதைக்க ஆக்களில்லை" என்றீர்கள்.

பல வெள்ளிக்கிழமைகள் இப்படியே போயின. ஒருநாள் பாணும் முடிந்துவிட்டது. என் கைப்பையில் கோயில் கடலை இருந்தது. நான் வேண்டாம் வேண்டாம் என்னும்போதே பிடுங்கி முள்ளில் குத்திவிட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் மிதவை அமிழ்ந்தது. இழுத்தால், உள்ளங்கை நீளத்தில் வெள்ளியாய் ஒரு மீன். கிழவர் ஓடிவந்து, "ரோச்" என்று அந்த மீனின் பெயரைச் சொன்னார்.

"என்னது, கொக்ரோச்சோ? கரப்பத்தானோ?" என்று சேலையைத் தூக்கிக்கொண்டு கதிரையில் ஏறிய உங்களை இறக்க நானும் அவரும் பட்டபாடு முருகனுக்குத்தான் தெரியும்.

இறங்கியதும் அடுத்த இடி விழுந்தது. கையை நனைத்துவிட்டு மீனைப் பிடித்து மெல்லத் தண்ணீரில் விட வேண்டுமாம், இங்கே அதுதான் சட்டமாம். ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு அன்றைக்கே வீட்டில் புளி ஊறப் போட்டுவிட்டு வந்திருந்தீர்கள். "இந்தாள் என்ன விசர்க்கதை கதைக்குது? விடுறதெண்டால் பிறகு ஏன் பிடிக்கிறது?" நான் அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் கிழவருக்கு விளங்கியது. தோளைக் குலுக்கிச் சிரித்தார்.

நீங்கள் மீனைப் பார்த்தபடி நின்றீர்கள். பிறகு கையை நனைத்து, அதை ஏந்திக்கொண்டு கரையில் குந்தினீர்கள். எங்களையெல்லாம் நீங்கள் கூப்பிடுவது 'நீ', 'நீர்' என்றுதான். அண்ணை ஒருவரைத்தான் 'இஞ்சாருங்கோ' என்பீர்கள். தினமும் அவர் வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று வழியனுப்புவீர்கள். அவர் ஆஸ்பத்திரியில் கண்மூடிய நேரம் நீங்கள் பாதி வழியில் பஸ்ஸில் இருந்தீர்கள். செத்த வீட்டிலும் உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

"இஞ்சாருங்கோ" என்றீர்கள் அந்த மீனிடம். "போயிட்டு வாங்கோ."

அது போய்விட்டது. நான் மூக்கைச் சீறிக்கொண்டு மிச்சக் கடலையைத் தின்றேன். பஸ்ஸில் ஏறி இருந்ததும், "புளி வீணாப் போகப்போகுது, கத்தரிக்காய் வாங்குவம்" என்றீர்கள். தூண்டிலைச் சரிட்டிக் கடைக்குக் கொடுக்கும் பேச்சை அதன்பின் நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் அடுத்த வெள்ளி கோயிலில் இரண்டு தரம் கடலைக்குக் கை நீட்டினீர்கள்.

இந்த வருடம் நீங்களும் போய்விட்டீர்கள். அன்று நான் ஷிப்டில் நின்றேன். போன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மகன் தூண்டிலை என்னிடமே தந்துவிட்டான்.

இதை ஏரிக்கரையில் இருந்துதான் எழுதுகிறேன். கிழவர் எனக்கும் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். நீங்கள் இல்லாமல் கரை சரியான அமைதி, அப்படியும் ஒரு மீன் வரவில்லை. அவர் சொன்னது பொய். முள்ளில் கடலை குத்தியிருக்கிறேன். இடக்கையையும் நனைத்து வைத்திருக்கிறேன். சொல்ல வேண்டியதும் வாயில் ஆயத்தமாக இருக்கிறது.

கெதியாய் வந்து கடியுங்கோ மச்சாள், குளிருது.