குருவம்மாளுக்குப் போட்ட அட்டிகை

பொன்னுமணி அப்பாவுக்கு,

சோறும் புளிக்குழம்பும் அடுப்படியில் இருக்கின்றன. போர்டு எழுதுகிற பெயிண்டர் அமாவாசை வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

மகள் மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் இடம் கேட்டு அனுப்ப வரைந்த படங்களை, "கொஞ்சம் லட்சணமா ஆக்கிக் குடுப்பா" என்று அவனிடம் நீட்டினீர்களே! மழைக்குச் சாக்குப் போர்த்தி ஏலக்காய் பறிக்கிற குருவம்மாளுக்கு ரோஸ் முகம், கல் அட்டிகை, உதட்டுச் சாயம். எல்லாப் படங்களின் மேலும் இப்படித்தான் பூசிவைத்திருக்கிறான். "அப்பாகிட்ட ஒண்ணும் கேக்காதம்மா" என்று பிள்ளை சொன்னது அதைவிடக் கொடுமை.

நாங்கள் ஜீப்பில் போடிமெட்டுக்குப் போகிறோம். ஏலத்தோட்டத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக வரையப்போகிறாள். ஞாயிற்றுக்கிழமை வருவோம்.

தயிர் உறியில் இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் வாயைப் பிளந்து தூங்குகிற படம் மட்டும் அவன் கைக்குப் போகாமல் தப்பித்தது. அதைத்தான் முதல் படமாக வைத்து அனுப்பப்போகிறாள். லட்சணமாகத்தான் இருக்கிறது.