முங்குவதற்கு முந்தின வாரம்

டிசம்பர் 4, திங்கள்

காலையில் பனி. எதிர் வீடு தெரியவில்லை. மூக்கடைப்பு, எதிலும் வாசனை இல்லை. மருமகள் எலிசா வைத்த கருவாட்டுக் குழம்பு வெந்நீர் மாதிரி இருந்தது. சொன்னேன். முறைத்தாள்.

அய்யகாரு வந்து போனார். சபையில் பாஸ்டரை அப்படித்தான் கூப்பிடுவது. ஞாயிறு காலை குடிபாலா ஏரியில் எனக்கு ஞானஸ்நானம். அதற்குள் விட வேண்டியவை:

பீடி - விட்டாச்சு (எலிசா ஒளித்துவிட்டாள்).
சாராயம் - போன வருஷமே டாக்டர் விட வைத்தார்.
பொய் - பார்க்கலாம்.
சாமிக்குப் படைத்ததைத் தின்பது - இது கஷ்டம்.

ஏன் இந்த வயதில் என்று கேட்டார். இயேசுவுக்காக என்றேன். பொய் இல்லை. ஆனால் என் பெண்டாட்டி சாராவும் உண்டு. கல்யாணம் ஆனதிலிருந்து கூப்பிட்டாள். தண்ணி சில்லுனு இருக்கும்டி என்றே ஓட்டிவிட்டேன். ஆடியில் சாகும்போது, "பின்னாலயே வந்துடுய்யா, வழியில நின்னு கதை பேசாத" என்றாள். அவள் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

டிசம்பர் 5, செவ்வாய்

வெயில் வந்தது. தும்மல் நிற்கவில்லை.

முனுசாமி வீட்டில் ஒரே அமர்க்களம். பேரனுக்கு அமெரிக்கா விசா கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் வேலை. வேண்டுதல் இருக்கிறதாம், குடும்பத்தோடு திருப்பதி போய் மொட்டை. மு.வும் நானும் ஒரே பண்ணையில் மாடு மேய்த்தவர்கள். நான் சபைப் பக்கம் போன பிறகும் அவன் என்னை விடவில்லை.

உங்க சாமி மயிரை வாங்கினுதான் விசா குடுப்பாரா என்று கேட்டேன். உங்க சாமி டிசம்பர் மாசத்துல கெழவனைத் தண்ணியில முக்குறாரே, அது மட்டும் நியாயமா என்றான்.

லட்டு பங்கு போடும்போது இந்தத் தடவை என்னை விட்டுவிடு என்றேன். சிரித்தான்.

டிசம்பர் 6, புதன்

எஸ்.டி.டி. பூத்தில் பையன் போன். குவைத்தில் வண்டி ஓட்டுகிறான். "நைனா, தண்ணியில ஜாக்கிரதை" என்றான். அங்கே மழையே இல்லையாம். இங்கே ஏரி நிரம்பியிருக்கிறது, கோடையில் வற்றிவிடும். இந்த ஞாயிறை விட்டால் அடுத்த மழைக்குத்தான். அதுவரை நான் இருப்பேனா? நெஞ்சில் இருக்கும் சளியைக் கேட்க வேண்டும்.

டிசம்பர் 7, வியாழன்

மலைக்குப் போனவர்கள் வந்துவிட்டார்கள். மு.வின் தலை உரித்த பனங்காய். தெரு முழுக்க லட்டு பங்கு. என் கட்டிலில் ஒரு முழு லட்டை வைத்தான், பேப்பரில் சுற்றி. "உனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பஸ்ஸில் வந்த களைப்பு போல.

எலிசா ஆட்டுக்குப் போடச் சொன்னாள். சரி என்றேன். ஆடு தூரத்தில் கட்டியிருந்தது.

அவள் குழாயடிக்குப் போனாள். பேப்பரைப் பிரித்துப் பார்த்தேன். பார்க்க மட்டும்தான். சாத்தான் யாரும் வரவில்லை. நானேதான் போனேன். முந்திரி முதலில். பிறகு எல்லாம். மலை லட்டுக்கு உண்டான பச்சைக் கற்பூர வாசனை மட்டும் வரவில்லை. சளி. பேப்பரையும் நக்கினேன்.

எலிசா கேட்டாள். ஆடு தின்றது என்றேன். ஆக, பொய்யும் போச்சு.

டிசம்பர் 8, வெள்ளி

மேகமூட்டம். யாருக்கும் தெரியாது. பேசாமல் முங்கிவிடலாம். முங்கி, சாராவிடம் போய் நின்றால் முதலில் வாயைத்தான் மோந்து பார்ப்பாள். சாராயக் காலத்திலிருந்து அந்தப் பழக்கம்.

சாயந்திரம் மு. வந்தான். லட்டு தின்னியா என்றான். ஆடு தின்றது என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

"அடப்பாவி. அது மலை லட்டு இல்லடா. கீழ பஸ் ஸ்டாண்டுல, கடையில வாங்கினது. உனுக்கு ஆவாதுன்னுதான் தனியா எறங்கி வாங்கியாந்தேன். பஸ்சு கிளம்பிட்ச்சு, மொட்டைத் தலையோட ஓடினேன்."

எனக்கு ஒரு நிமிஷம் பரலோகமே திறந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன், நான்தான் தின்றேன் என்று. சிரித்துச் சிரித்துக் கீழேயே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"எதுன்னு நென்ச்சி துன்ன?"

"மலை லட்டுன்னுதான்."

சிரிப்பு நின்றுவிட்டது. பீடியை எடுத்தான், என்னைப் பார்த்தான், திரும்ப வைத்துவிட்டான்.

"அப்போ அது மலை லட்டுதான்டா."

படித்தவன் இல்லை. சபைக்கு வந்தவன் இல்லை. எழுந்து போய்விட்டான்.

டிசம்பர் 9, சனி

பனி. சித்தூர் பஸ் பிடித்து அய்யகாரு வீட்டுக்குப் போனேன். எல்லாம் சொன்னேன். லட்டு, ஆடு, பஸ் ஸ்டாண்டு. அவர் மனைவி காபி வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். தள்ளிப் போடப் போகிறார் என்று நினைத்தேன். நாளைக்கே முனுசாமி திரும்ப லட்டு கொண்டுவந்து வைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். பேரன் விமானம் ஏறுகிற அன்று மு. மறுபடி மலைக்குப் போவான், அதையும் சொல்லி வைத்தேன்.

"இதச் சொல்லாம எறங்கியிருந்தா நனைஞ்சிருப்பீங்க தாத்தா, அவ்ளோதான். காலையில வெள்ள வேட்டி கட்டிக்கினு வாங்க."

வீட்டுக்கு வந்து எலிசாவிடமும் சொன்னேன். ஆட்டிடம் மன்னிப்பு கேட்கச் சொன்னாள்.

டிசம்பர் 10, ஞாயிறு

பனி, காற்று. ஏரி பல் கூசும் குளிர். இடுப்பளவில் நின்றேன். பாட்டு. அய்யகாரு கேட்டதற்கெல்லாம் ஆமென் சொன்னேன். தாடை ஆடியதில் கூடுதலாகவும் ரெண்டு விழுந்திருக்கும். முக்கினார். உள்ளே சத்தமே இல்லை. இவ்வளவுதானா சாரா, இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன் என்று தோன்றியது.

கரையில் மு., மொட்டைத் தலையில் எலிசாவின் ஸ்கார்ஃப். தன் துண்டை நீட்டினான்.

"இன்னாடா, உள்ள உங்காளு தெரிஞ்சாளா?"

"தண்ணி கலங்கலா கீது."

"தெளியும், தெளியும். தொவட்டு."

முகத்தைத் துடைத்தேன். மூக்கு திறந்துகொண்டது. மலைக்குக் கொண்டுபோன துண்டு போல. பச்சைக் கற்பூர வாசனை. வாயில் எச்சில் ஊறியது.