கறுக்காத பஞ்சு

7 மார்ச் 1988
கிள்ளான் அடுக்குமாடித் திடலில் இரண்டு மணி நேரம் எண்ணினேன். பிள்ளைகள் வெளியில் எதை எத்தனை முறை தொடுகிறார்கள், கை எத்தனை முறை வாய்க்குப் போகிறது - இதுதான் என் ஆராய்ச்சி. வேலிக்குப் பின்னால் பழைய லோரி பேட்டரி உடைக்கும் பட்டறை. ஈயத்தூள் ஊஞ்சல்வரை வருகிறது. அடுக்குமாடியில் குடியிருக்கும் பவுனம்மாளின் மகள் தேவிகா, ஐந்து வயது: ஒரு மணி நேரத்தில் ஊஞ்சல் சங்கிலி 64 முறை, வாயில் விரல் 17 முறை. அடிக்கடி வயிற்றுவலியாம்.

புதன்கிழமை பிள்ளைகளின் கைகளை ஈரப்பஞ்சால் துடைத்து, ஈயம் அளக்க எடுத்துப்போக வருவேன் என்று தாய்மாரிடம் சொல்லி வந்தேன்.

9 மார்ச்
பத்துப் பிள்ளைகள். பவுடர் பூசி, பொட்டு வைத்து வரிசையாக நின்றார்கள். "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க!" என்றேன். தாய்மாருக்கு வாயெல்லாம் பல்.

18 மார்ச்
சோதனை முடிவு வந்தது. ஊஞ்சல் சங்கிலியைத் துடைத்த பஞ்சில் அத்தனை ஈயம். அதைப் பிடித்த கைகளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. எப்படி?

டாக்டர் தியாகராசா, என் மேலதிகாரி, சிரிக்கிறார். "குறைவா இருந்தா நல்லதுதானே லா, புனிதம். இருபத்தஞ்சாம் தேதி ரிப்போர்ட் நகராண்மைக்குப் போகணும்."

ஆபத்தில்லை என்று நான் எழுதினால் பட்டறை அங்கேயே இருக்கும்.

19 மார்ச்
பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. கை வாய்க்குப் போனதை எண்ணினேன் - நாற்பத்திரண்டு. எதிரே இருந்தவர் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

21 மார்ச்
சொல்லாமல் பஸ் ஏறிப் போனேன். என்னைக் கண்டதும் பவுனம்மாள் தேவிகாவைக் குழாயடிக்கு இழுத்து ஓடினாள். சவுக்காரம் போட்டுக் கையைத் தேய்க்கிறாள்! "ரெண்டே நிமிசம் இருங்கக்கா!"

அட கடவுளே.

"அன்னைக்கும் கழுவிட்டா கூட்டிட்டு வந்தீங்க?"

"பின்ன? ஆபீஸ்லேர்ந்து வரீங்க. அழுக்குக் கையோட நிறுத்தினா, ரப்பர் தோட்டத்துலேர்ந்து வந்தவங்க இப்படித்தான்னு எழுதிட மாட்டீங்களா?"

நாள் குறித்துச் சொன்னவள் நான். சுத்தம் என்று மெச்சியவளும் நான். படித்த மடச்சி! அது உங்க அழுக்கு இல்ல, பட்டறையோடது என்று அரை மணி நேரம் சொன்னேன். வியாழன் மாலை கழுவாமல் கூட்டி வரச் சொன்னேன். "எல்லார் முன்னாடியும் எப்படிக்கா..." என்று தரையைப் பார்த்தாள்.

22 மார்ச்
டாக்டர் வியாழன்வரை பொறுப்பாராம். யாரும் வராவிட்டால் பழைய எண்தான் போகும். வருவார்களா?

24 மார்ச்
ஐந்து மணி. இருபது நிமிடம் ஈ காக்கை இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு பவுனம்மாள், எல்லாரும் பார்க்கத் திடலின் நடுவே நடந்து வந்தாள். தேவிகாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், உள்ளங்கை எதிலும் படாதபடி.

"கழுவலக்கா. எழுதிக்குங்க."

பஞ்சு கறுத்தது. அவளுக்குப் பின்னால் மற்ற ஒன்பது பேரும் வந்தார்கள்.

3 மே
பட்டறைக்குச் சீல். ஊஞ்சலையும் கழற்றிவிட்டார்கள். இன்று கிளினிக்கில் இரத்த முடிவு: நான்கு பிள்ளைகளுக்கு ஈயம் அதிகம், தேவிகாவுக்கும்.

"இனிமே கைய கழுவலாம்ல அக்கா?" என்றாள் பவுனம்மாள்.

கழுவலாம் என்றேன்.

"உள்ள போனத?"

மருந்து கொடுக்கிறார்கள், ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள் என்றேன்.